வளர்ந்தவர் வாயிலும் இரண்டு சொட்டு

(பொது நூலக அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "போலியோவைத்தான் ஒழிச்சாச்சே, இனிமே அதைப் பத்திப் பேச என்ன இருக்கு? அதுவும் பெரியவங்களுக்கு எதுக்கு அது?"

கேட்டதில் தவறில்லை. இயற்கையான போலியோ வைரஸால் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தைக்குக் கால் விளங்காமல் போனது 2011 ஜனவரி 13 அன்று, மேற்கு வங்காளத்தின் ஹவுராவில். அதன்பிறகு மூன்று ஆண்டுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் நம் வட்டாரம் முழுவதற்கும் 'போலியோ இல்லை' என்று சான்று கொடுத்தது. இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நண்பர் கேட்டாரே, "பெரியவங்களுக்கு எதுக்கு" என்று, அதற்கு ஒரு ஊர் ஏற்கெனவே விடை சொல்லியிருக்கிறது. அந்த ஊரின் பெயர் புவான்ட் நுவார்.

ஆப்பிரிக்காவின் அட்லாண்டிக் கரையில் காங்கோ குடியரசு என்று ஒரு நாடு. அதன் துறைமுக நகரம் அது. 2010-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அங்கே மருத்துவமனைகளுக்குக் காய்ச்சலோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இரண்டு மூன்று நாளில் கை கால் துவண்டுபோயிற்று. பலருக்கு மூச்சுத் தசைகளும் நின்றன. படுக்கைகளில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் 15 வயதைத் தாண்டியவர்கள், மீசை முளைத்த பிள்ளைகள், வேலைக்குப் போகிற இளைஞர்கள். பெண்களைவிட ஆண்கள் அதிகம். மொத்தம் நானூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைக்கவில்லை. போலியோவில் இவ்வளவு சாவு என்பது மருத்துவ உலகமே அரிதாகப் பார்த்த ஒன்று.

நம்மைத் தொடும் செய்தி ஒன்றும் இதில் உண்டு. அந்த வைரஸின் மரபணுவைப் பிரித்துப் பார்த்தார்கள். அது அங்கோலாவிலிருந்து காங்கோவுக்குப் போயிருந்தது. அங்கோலாவுக்கு எங்கிருந்து போயிற்று? இந்தியாவிலிருந்து. அதே 2010-இல் தஜிகிஸ்தானில் நானூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களை முடக்கிய வைரஸும் நம் உத்தரப் பிரதேசத்திலிருந்து போனதுதான். யார் கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியாது. கொண்டுபோனவருக்கே தெரிந்திருக்காது. நன்றாக நடமாடிக்கொண்டு, ஒரு தும்மல்கூட இல்லாமல் விமானம் ஏறியிருப்பார். இன்றைய பேச்சின் சாரமே அந்த முகம் தெரியாத பயணிதான். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில், பெரியவர்களை ஏன் இந்த நோய் இப்படி அடிக்கிறது என்று பார்த்துவிடுவோம். போலியோ வைரஸ் மலத்தில் வெளியேறி, தண்ணீர், கை, உணவு வழியாக அடுத்தவர் வாய்க்குள் போகிறது. தொண்டையிலும் குடலிலும் பெருகுகிறது. தொற்றிய நூறு பேரில் எழுபது பேருக்கு மேல் எந்த அறிகுறியும் தெரியாது. இன்னும் சிலருக்கு லேசான காய்ச்சல், வயிற்றுக் கோளாறு, அவ்வளவுதான். மிகச் சிலரிடம் மட்டும் முதுகுத்தண்டுக்குப் போய், தசையை இயக்கும் நரம்பணுக்களைச் சிதைக்கிறது. அந்த 'மிகச் சிலர்' கணக்குத்தான் வயதுக்கு வயது மாறுகிறது. குழந்தைகளில் ஆயிரம் பேருக்குத் தொற்றினால் ஒருவருக்கு வாதம் வரும்; பெரியவர்களில் 75 பேருக்கு ஒருவர். வாதம் வந்த குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 5 பேர் இறக்கிறார்கள். பெரியவர்களில் 15 முதல் 30 பேர். அமெரிக்க அதிபராக இருந்த ரூஸ்வெல்டுக்கு 1921-இல் கால்கள் செயலிழந்தபோது அவருக்கு வயது 39. அவருக்கு வந்தது போலியோதானா என்று பின்னாளில் சில ஆய்வாளர்கள் சந்தேகம் கிளப்பினார்கள் என்பது வேறு கதை.

அப்படியானால் நம் தாத்தா பாட்டி காலத்தில் பெரியவர்கள் ஏன் கூட்டம் கூட்டமாக விழவில்லை? ஊரெங்கும் வைரஸ் இருந்தது, அதனால்தான். கைக்குழந்தையாக இருக்கும்போதே, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கும்போதே, எல்லோரும் அதைச் சந்தித்துவிட்டார்கள். சந்தித்ததில் ஒரு பங்குப் பிள்ளைகள் காலை இழந்தார்கள். மீதிப் பேர் ஆயுளுக்கும் காப்புப் பெற்றார்கள். ஆபத்து எப்போது வருகிறது என்றால், வைரஸும் வராமல் மருந்தும் வராமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிடும்போது. காங்கோவில் நடந்தது அதுதான். 1990-களில் அங்கே உள்நாட்டுப் போர். தடுப்பு மருந்து வேலை தடைப்பட்டது. பிறகு பத்தாண்டுகளாக அங்கே போலியோவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளைகள் 2010-இல் இருபது வயதில் நின்றார்கள்.

2006-இல் நமீபியாவிலும் இதே கதை. வீழ்ந்தவர்களில் பெரும்பாலோர் வயது வந்தவர்கள். 1996-இல் அல்பேனியாவில் 138 பேருக்கு வாதம் வந்து 16 பேர் இறந்தார்கள். அங்கே மருந்து கொடுக்காமல் இல்லை. கொடுத்த மருந்து குளிர்ச்சியில் ஒழுங்காக வைக்கப்படவில்லை. பத்து வயதிலிருந்து முப்பத்தைந்து வயது வரை உள்ளவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். அதனால் ஐம்பது வயது வரை எல்லோருக்கும் சொட்டு ஊற்றினார்கள். நமீபியாவிலும் காங்கோவிலும் வயது வித்தியாசமே பார்க்கவில்லை. கைக்குழந்தையும் கிழவரும் ஒரே வரிசையில் நின்று வாயைத் திறந்தார்கள்.

குளிர்ச்சி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சொட்டு மருந்துக் குப்பியை யாராவது கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? லேபிளில் ஊதா நிறத்தில் ஒரு சிறு வட்டம் இருக்கும். வட்டத்துக்குள் ஒரு சதுரம். புது மருந்தில் சதுரம் வெளுப்பாக இருக்கும். வெப்பம் படப்பட அது கருத்துக்கொண்டே வரும். சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். சித்திரை வெயிலில் தோளில் ஐஸ் பெட்டியை மாட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்த நம் சுகாதார செவிலியர்கள் ஒவ்வொரு குப்பியையும் திறக்கும் முன் அந்தச் சதுரத்தைத்தான் பார்ப்பார்கள். என் கணக்கில், போலியோ ஒழிப்பில் பெரிய தலைவர்களின் பெயருக்கு முன்னால் அந்தச் சதுரத்துக்கு இடம் கொடுக்கலாம்.

சரி, தமிழ்நாட்டில் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் நமக்கு என்ன நிலைமை? அறுபதைத் தாண்டியவர்கள் வைரஸின் நடுவே வளர்ந்தவர்கள். கார்டு எதுவும் இருக்காது. பெரும்பாலும் காப்பு இருக்கும். நாற்பது, ஐம்பதில் இருப்பவர்களுக்கு ஒன்று சொட்டு கிடைத்திருக்கும், இல்லாவிட்டால் வைரஸ் கிடைத்திருக்கும், பலருக்கு இரண்டும். முப்பது வயதை ஒட்டியவர்களும் அதற்குக் கீழுள்ளவர்களும் பல்ஸ் போலியோ பிள்ளைகள். 1995 டிசம்பர் 9, 1996 ஜனவரி 20, இந்த இரண்டு சனிக்கிழமைகளிலிருந்து நாடு முழுக்கத் தொடங்கியது அந்தச் சொட்டு மருந்து இயக்கம். ஐந்து வயது ஆகும்வரை ஆண்டுக்கு இரண்டு முறையாவது வாயில் சொட்டு, இடது கை சுண்டுவிரல் நகத்தில் மை. வாக்குப் போடும் வயது வருமுன்னே மை வைத்துக்கொண்ட தலைமுறை அது.

அத்தனை தடவை ஏன் என்று அப்போது பெற்றோர் கேட்டார்கள். விடை வேலூரில் கிடைத்தது. மேலைநாடுகளில் மூன்று தவணை சொட்டு போதுமாக இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய சகாக்களும் நம் ஊர்க் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, மூன்று தவணை முடித்த பிள்ளைகளிலும் கணிசமானவர்களுக்கு எதிர்ப்புப் பொருளே உருவாகவில்லை என்று கண்டார்கள். குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் மற்றக் கிருமிகள், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து சொட்டு மருந்தை வேலை செய்ய விடுவதில்லை. பின்னர் உத்தரப் பிரதேசத்தில் கணக்கிட்டுப் பார்த்ததில் ஒரு தவணையின் பலன் 100-க்கு வெறும் 9 என்று வந்தது. மிச்சத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துத்தான் எட்ட வேண்டியிருந்தது.

ஆக, தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்து இங்கேயே இருக்கப்போகிற பெரியவருக்குப் போலியோ பூஸ்டர் தேவையில்லை. இதை நான் தயங்காமல் சொல்வேன். இந்திய அரசின் தடுப்பூசி அட்டவணையிலும் பெரியவர்களுக்கு அப்படி ஒரு தவணை கிடையாது. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு காலப்போக்கில் குறையும். உடலின் நினைவு போய்விடாது. ஆண்டுக்கொரு முறை 'முழு உடல் தடுப்பூசித் தொகுப்பு' என்று யாராவது விற்க வந்தால், அதில் போலியோவுக்காகப் பணம் கட்ட வேண்டாம்.

இனி அந்த விமானப் பயணிக்கு வருவோம்.

போலியோவுக்கு இரண்டு மருந்துகள். ஜோனஸ் சால்க் கண்டது ஊசி, கொல்லப்பட்ட வைரஸ். 1955 ஏப்ரலில் அது பலன் தருகிறது என்று அறிவித்தார்கள். ஆல்பர்ட் சேபின் கண்டது சொட்டு. வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். ஊசி வீட்டுக்குள் நிற்கும் காவலாள். ரத்தத்தில் இருந்துகொண்டு வைரஸை நரம்புக்குப் போக விடாது. சொட்டு வாசலிலேயே நிற்கும் காவலாள், குடலிலேயே மறித்துவிடும். ஊசி மட்டும் போட்டுக்கொண்டவரின் கால் பத்திரம். ஆனால் அவர் குடலில் வைரஸ் பெருகலாம், மலத்தில் வெளியேறலாம். அவருக்கே தெரியாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கில்லை. இஸ்ரேல் 2005 முதல் சொட்டை நிறுத்திவிட்டு ஊசிக்கு மாறியிருந்தது. 2013-இல் தெற்கே ராஹத் என்ற ஊரின் சாக்கடை நீரில் இயற்கைப் போலியோ வைரஸ் கிடைத்தது. மாதக்கணக்கில் கிடைத்துக்கொண்டே இருந்தது. நாட்டில் ஒரு குழந்தைக்குக்கூட வாதம் வரவில்லை. குழந்தைகள் ஏறத்தாழ எல்லோரும் ஊசி போட்டிருந்தார்கள். ஆனாலும் ஊர் முழுக்க வைரஸ் கைமாறிக்கொண்டிருந்தது. கடைசியில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மறுபடியும் சொட்டு ஊற்றினார்கள். சாக்கடையைச் சோதிக்காவிட்டால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

சொட்டிலும் குறை உண்டு, மறைக்கக் கூடாது. மருந்தாகக் கொடுத்த வைரஸ், தடுப்பூசி போடாதவர்கள் நிறைந்த ஊரில் ஆள்விட்டு ஆள் பரவி, மாறி மாறி, மீண்டும் நோய் தரும் வலிமையைப் பெற்றுவிடும். 2022 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் பகுதியில் தடுப்பூசி எதுவும் போடாத இளைஞர் ஒருவருக்கு வாதம் வந்ததே, அது இந்த வகை. அதே ஆண்டு லண்டன் சாக்கடையிலும் ஜெருசலேமிலும் அதன் உறவு வைரஸ்கள் கிடைத்தன. பணக்கார நாடு, நல்ல கழிப்பறை, நல்ல குடிநீர். ஆனாலும் போடாதவரைத் தேடிப்பிடித்தது. அதற்கு அடுத்த ஆண்டுதான் அமெரிக்கா பெரியவர்களுக்கான தன் பரிந்துரையைத் திருத்தியது.

சரி, சிறுவயதில் சொட்டு வாங்கியவருக்கு வளர்ந்த பிறகு ஊசி போட்டால் என்ன ஆகும்? இங்கேயும் வேலூர்தான் முன்னால் நிற்கிறது. ஏற்கெனவே பலமுறை சொட்டு வாங்கிய ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் 450 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு ஒரே ஒரு ஊசி போட்டார்கள். பிறகு எல்லோருக்கும் சொட்டு கொடுத்து, மலத்தில் வைரஸ் வெளியேறுகிறதா என்று பார்த்தார்கள். ஊசி போட்ட பிள்ளைகளிடம் வெளியேற்றம் கணிசமாகக் குறைந்திருந்தது. 2014-இல் லான்செட் இதழில் வந்தது அது. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் நடந்த ஆய்வும் இதையே காட்டியது. ஊசி தனியாகக் குடலில் காவலாளை உருவாக்காது. சொட்டு ஏற்கெனவே உருவாக்கி வைத்துவிட்டுத் தூங்கிப்போன காவலாளைத் தட்டி எழுப்பும். ஆய்வு நடந்தது குழந்தைகளிடம், பெரியவரிடமும் இதே அளவு பலன் என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் பயணிகளுக்கு ஊசியோ சொட்டோ எது கிடைத்தாலும் சரி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்குப் பின்னால் உள்ள யோசனை இதுதான்.

2014 மே 5 அன்று அந்த நிறுவனம் போலியோவை உலகளாவிய அவசர நிலையாக அறிவித்தது. வைரஸ் ஏற்றுமதியாகும் நாட்டில் நான்கு வாரத்துக்கு மேல் தங்கியவர், வயது எதுவானாலும், புறப்படும் முன் ஒரு தவணை போட்டிருக்க வேண்டும். போட்டது நான்கு வாரம் முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் இருக்க வேண்டும். மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகத்தில் பதிந்திருக்க வேண்டும். இந்தியாவும் அதே ஆண்டு, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், நைஜீரியா முதலிய நாடுகளிலிருந்து வருகிறவர்களிடம் சான்று கேட்கத் தொடங்கியது. இங்கிருந்து அந்த நாடுகளுக்குப் போகிறவர்களும் நான்கு வாரம் முன்பே சொட்டு போட்டுக்கொள்ள வேண்டும் என்றது. ஒரு காலத்தில் உலகுக்கு வைரஸ் அனுப்பிக்கொண்டிருந்த நாடு, இப்போது வாசலில் நின்று சான்று கேட்கிறது.

தமிழ்நாட்டில் பெரியவர்கள் போலியோ மருந்து போட்டுக்கொள்வதை நேரில் பார்க்க வேண்டுமானால் ஹஜ் பயணிகளுக்கான முகாமுக்குப் போக வேண்டும். மூளைக்காய்ச்சல் தடுப்பூசியோடு சொட்டும் கொடுப்பார்கள். அப்படி ஒரு முகாமில் எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர், வெள்ளைத் தொப்பி, கையில் காகித உறை. வரிசையில் தன் முறை வந்ததும் செவிலியரிடம் கேட்டார்: "ஏம்மா, இது பேரப் பிள்ளைக்குக் குடுக்கறதுதானே?" செவிலியர் சிரிக்கவில்லை. "உங்களுக்குந்தான் பாய். அண்ணாந்து வாயத் திறங்க." இரண்டு சொட்டு. பெரியவர் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு, "கசக்குதே" என்றார். லட்சக்கணக்கானோர் கூடுகிற இடத்துக்கு அவர் போகிறார். அங்கே ஒரே கழிப்பறை வரிசையை ஐம்பது நாட்டுக்காரர்கள் பயன்படுத்துவார்கள். அவர் காலுக்கு ஆபத்து மிகக் குறைவு. அந்தச் சொட்டு அவருக்காக மட்டும் ஊற்றப்பட்டதில்லை. அவரும் அவரைப் போன்றவர்களும் கூட்டத்தில் வைரஸைக் கைமாற்றி, ஊருக்குக் கொண்டுபோகாமல் இருக்கத்தான்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன என்று கேட்பீர்கள். பிரான்ஸில் 25, 45, 65 வயதில் பெரியவர்களுக்குத் தடுப்பூசி உண்டு. அதில் போலியோவும் அடக்கம். பிரிட்டனில் பதினான்கு வயதில் ஒன்று. பிறகு ஆபத்துள்ள நாட்டுக்குப் போவதாக இருந்தால் பத்தாண்டுக்கு ஒன்று. அமெரிக்காவில், முழுத் தவணை முடித்தவர் ஆபத்துள்ள இடத்துக்குப் போனால் வாழ்நாளில் ஒரே ஒரு பூஸ்டர். மூன்று நாடு, மூன்று கணக்கு. இதில் அறிவியல் பாதி, வசதி பாதி என்பது என் எண்ணம். பிரான்ஸிலும் பிரிட்டனிலும் போடுவது ரணஜன்னி, தொண்டை அடைப்பான், போலியோ மூன்றும் கலந்த ஊசி. ரணஜன்னிக்காகப் போடும்போது போலியோவும் கூட வருகிறது. நம்மிடம் பூஸ்டர் பற்றிக் கவலைப்படுகிற பலர், ரணஜன்னி–தொண்டை அடைப்பான் ஊசியைக் கடைசியாக எப்போது போட்டோம் என்று யோசித்ததே இல்லை. அந்தக் கவலைக்கு முன்னுரிமை கொடுங்கள்.

போலியோ ஊசி யாருக்கு வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் இரண்டிலும் இயற்கை வைரஸ் இன்னும் இருக்கிறது. 2023-இல் இரண்டிலும் சேர்த்து 12 பேர், 2024-இல் 99 பேர். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் மருந்திலிருந்து பிறந்த வகை சுற்றுகிறது. 2024-இல் காசாவில் இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு ஒரு கைக்குழந்தைக்கு வாதம் வந்தது. இந்த மாதிரி இடங்களுக்கு வேலைக்கோ, நிவாரணப் பணிக்கோ, அமைதிப்படைக்கோ போகிறவர்கள் ஒரு பூஸ்டர் போட்டுக்கொள்ளுங்கள். வைரஸைக் கையாளும் ஆய்வகத்தினரும் அப்படியே. சிறுவயதில் எதுவுமே போடாதவர் என்று உறுதியாகத் தெரிந்தால் அவருக்கு ஒன்று போதாது, மூன்று ஊசி. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் ஒன்றிரண்டு மாத இடைவெளி. மூன்றாவது ஆறு முதல் பன்னிரண்டு மாதம் கழித்து. ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லாததால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் போடலாம். நியோமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளுக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடைசி வாரத்தில் ஓடிவராதீர்கள். நான்கு வாரக் கணக்கை மறந்துவிட்டு டிக்கெட்டோடு வந்து நிற்கிறவர்கள்தான் அதிகம்.

இனி உங்கள் கேள்விகள்.

(ஒரு தாயார், மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போவதாகவும் பழைய தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டதாகவும், ரத்தம் எடுத்துச் சோதித்துப் பார்க்கலாமா என்றும் கேட்டார்.)

வேண்டாம் அம்மா. எதிர்ப்புப் பொருளை அளந்து முடிவெடுப்பதை அமெரிக்க நோய்த் தடுப்பு மையமே பரிந்துரைப்பதில்லை. போலியோ வைரஸின் மூன்று வகைகளுக்கும் நம்பகமான சோதனை எளிதில் கிடைக்காது. பல்கலைக்கழகம் போலியோவைக் கேட்கிறதா என்று படிவத்தில் முதலில் பாருங்கள். கேட்டால் ஊசியைப் போட்டுப் பதிவு வாங்கிவிடுங்கள். முன்பே போட்டிருந்தாலும் கூடுதலாக ஒன்று போடுவதால் கெடுதல் இல்லை. பிறந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பழைய பதிவேடு இருக்கிறதா என்றும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

(ஊன்றுகோலுடன் வந்திருந்த ஒருவர், தனக்கு மூன்று வயதில் போலியோ வந்ததாகவும், இப்போது ஐம்பத்தெட்டு வயதில் நல்ல காலும் வலுவிழந்து வருவதாகவும், அதற்காக மாடிப்படி ஏறி இறங்கிப் பயிற்சி செய்வதாகவும் சொல்லி, வைரஸ் திரும்பிவிட்டதா, பூஸ்டர் போட்டால் சரியாகுமா என்றும் கேட்டார்.)

வைரஸ் திரும்பவில்லை அண்ணே. அன்றைக்குச் செத்துப்போன நரம்பணுக்களின் வேலையையும் மீதி நரம்பணுக்களே ஐம்பது வருடமாகச் சேர்த்துச் சுமந்திருக்கின்றன. அவை இப்போது களைத்துப்போயிருக்கலாம். போலியோவுக்குப் பிந்தைய தளர்ச்சி என்று இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, மற்றவருக்குத் தொற்றாது. பூஸ்டர் இதற்கு மருந்தில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை என்று நரம்பியல் மருத்துவர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும், அதனால் முதலில் அவரிடம் போங்கள். இன்னொன்று. உங்களுக்கு அன்று வந்தது மூன்று வகையில் ஒன்றுதான். மற்ற இரண்டுக்கும் அதனால் காப்பு வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டுப் பயணம் இருந்தால் நீங்களும் ஊசி போட்டுக்கொள்ளலாம், தடையில்லை. அதுவரை, கால் பலமாக வேண்டும் என்று மாடிப்படி ஏறி இறங்கும் பயிற்சி செய்வதாகச் சொன்னீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். களைத்த தசையை வேலை வாங்கினால் இன்னும் களைக்கும். எவ்வளவு, எப்படி என்பதை இயன்முறை மருத்துவர் வகுத்துத் தரட்டும்.